மண்டைக்குள் ஒரு நில அளவை

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் காபி டம்ளருடன் நின்றுகொண்டிருந்தபோது, மலர்க் குழுவைச் சேர்ந்த நண்பர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், முப்பத்தேழு வருஷம் மேப் போட்டிருக்கீங்க. அதைப் பத்தி நம்ம மலருக்கு ஒரு கட்டுரை கொடுங்களேன்" என்றார். மறுக்க மனம் வரவில்லை. சர்வே ஆபீஸில் டிராப்ட்ஸ்மேனாகச் சேர்ந்து, மலையும் ஆறும் ஊரும் வரைந்தே பென்ஷன் வாங்கும் வயதுக்கு வந்தவன் நான். எழுத விஷயத்துக்கா பஞ்சம்?

ஆனால் நண்பர் எதிர்பார்த்த கட்டுரை இதுவல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சில மாதங்களாக என் மனத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது வேறொரு வரைபடம். அதில் மேடு உண்டு, பள்ளம் உண்டு, பாதைகள் உண்டு, எல்லைக் கோடுகளும் உண்டு. ஆனால் அது எந்த நாட்டின் படமும் அல்ல. நம் ஒவ்வொருவர் மண்டை ஓட்டுக்குள்ளும் இருக்கும், ஏறத்தாழ 1.4 கிலோ எடையுள்ள பிரதேசத்தின் படம்.

பேத்தியின் மடிக்கணினி

என் மகன் வயிற்றுப் பேத்தி இங்கே பெங்களூரிலேயே நரம்பியல் ஆராய்ச்சி மாணவி. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்து மேஜையில் மடிக்கணினியைத் திறந்துவைத்து உட்கார்ந்துவிடுவாள். ஒருநாள் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். திரையில் சாம்பல் நிறத்தில் வளைவும் நெளிவுமாக ஏதோ தெரிந்தது. என் கண்ணுக்கு அது சம உயரக் கோடுகள் போட்ட மலைப் பிரதேசத்து ஷீட் மாதிரியே பட்டது.

"எந்த ஊர் டோப்போ ஷீட்டும்மா இது?" என்று கேட்டேன்.

சிரித்துவிட்டாள். "மூளை தாத்தா! உக்காருங்க. இது உங்க வேலைதான்."

உட்கார்ந்தேன். அம்புக்குறியை அவள் நகர்த்த நகர்த்த, திரையின் ஓரத்தில் மூன்று எண்கள் மாறிக்கொண்டே வந்தன. இடம் வலம் ஒன்று, முன் பின் ஒன்று, மேல் கீழ் ஒன்று. மூளையின் எந்த இடத்தையும் இந்த மூன்று எண்களால் சொல்லிவிடலாமாம். டோக்கியோவில் ஒருவர் ஓர் எண்ணைச் சொன்னால், டில்லியில் இருப்பவர் அதே இடத்தைத் திறந்து பார்க்கலாம்.

அளவைக்காரன் எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் கேட்பது ஒன்றுதான். "சரிம்மா, ஆரிஜின் எங்கே? எங்கிருந்து அளக்கறீங்க?"

பேத்தி என்னை ஒரு கணம் வியப்போடு பார்த்தாள். பிறகு மூளையின் நடுவில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளியைக் காட்டினாள். மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் நரம்பிழைக் கட்டுகளில் சிறியது அது. ஆன்டீரியர் கமிஷர் என்று பெயர். அதுதான் பூஜ்யம். பிரான்ஸ் நாட்டு மருத்துவர் ழான் தலைராக், துர்னூ என்பவருடன் சேர்ந்து 1988இல் வெளியிட்ட அட்லஸில் இந்த முறை உலகெங்கும் பரவியதாம்.

"யாருடைய மூளையை வெச்சு வரைஞ்சாங்க?" என்றேன்.

"ஒரு அம்மா. அறுபது வயசு. பேரெல்லாம் வெளியில சொல்ல மாட்டாங்க தாத்தா."

அந்தப் பதில் ஏனோ அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பழைய ஷீட், புதிய ஷீட்

மூளைக்குப் படம் போடுவது புதிய விஷயம் அல்ல. 1909இல் ஜெர்மனியைச் சேர்ந்த கார்பினியன் பிராட்மன், மூளையின் மேலுறையை மெல்லிய சீவல்களாக அறுத்துச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் உயிரணுக்களின் அடுக்குகளைப் பார்த்து வட்டாரம் வட்டாரமாகப் பிரித்தார். 52 வரை எண் கொடுத்தார். வட்டாரம் 17 என்றால் பார்வை, 4 என்றால் அசைவு என்று இன்றைக்கும் மருத்துவர்கள் அந்த எண்களில்தான் பேசுகிறார்கள். நம் ஆபீஸிலும் வெள்ளைக்காரன் காலத்து ஷீட் எண்கள் வெகுகாலம் மாறாமல் இருந்தன.

புதிய அளவை 2016இல் வந்தது. அமெரிக்காவில் நடந்த மனித மூளை இணைப்புத் திட்டத்தில், 22 முதல் 35 வயது வரை உள்ள ஆரோக்கியமான சுமார் 1,200 பேரின் மூளைகளை எம்.ஆர்.ஐ. கருவியில் படமெடுத்தார்கள். அவற்றில் 210 பேரின் படங்களைக் கொண்டு ஒவ்வொரு பாதியிலும் 180 வட்டாரங்கள் இருப்பதாக வரையறுத்தார்கள். அவற்றில் 97 அதுவரை யாரும் தனியாகக் குறிக்காதவை. இந்தத் திட்டத்தின் படங்களைப் பெயர் பதிவு செய்துகொண்டு ஆராய்ச்சியாளர்கள் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம்.

இங்கே என் காலத்தை நினைத்துக்கொண்டேன். எல்லையோர, கடலோரப் பகுதிகளின் ஷீட்கள் எங்கள் ஆபீஸில் பூட்டிய அலமாரியில் இருக்கும். எடுக்க வேண்டுமானால் ரிஜிஸ்தரில் கையெழுத்து, திருப்பி வைக்கும்போது இன்னொரு கையெழுத்து. நாட்டின் பாதுகாப்புக்காக வைத்திருந்த விதி அது, குறை சொல்லவில்லை. ஆனால் பேத்தியின் மேஜையில், உலகத்தின் எந்த மூலையில் வரைந்த படமானாலும் அது பூட்டின்றித் திறப்பதைப் பார்த்தபோது, இந்தத் தலைமுறை கொடுத்து வைத்தது என்றே தோன்றியது.

மைக்ரோசாஃப்ட் நிறுவனர்களில் ஒருவரான பால் ஆலன் 2003இல் 10 கோடி டாலர் கொடுத்து அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஒரு மூளை ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 2006இல் அவர்கள் எலி மூளையின் அட்லஸை முடித்தார்கள். சுமார் 20,000 மரபணுக்களில் எது எலி மூளையின் எந்த இடத்தில் வேலை செய்கிறது என்பதை அதில் தேடிப் பார்க்கலாம். பிறகு மனித மூளைக்கும் அப்படி ஓர் அட்லஸ் செய்தார்கள். அதற்கு மூளை தந்தவர்கள் ஆறே பேர்.

2013இல் ஜெர்மனியின் யூலிக் ஆய்வு மையமும், கனடாவின் மாண்ட்ரியால் நரம்பியல் கழகமும் சேர்ந்து பிக்பிரெயின் என்ற படத்தை வெளியிட்டன. இறந்துபோன ஒருவரின் மூளையை மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லியதாக, 20 மைக்ரான் கனத்தில் 7,404 சீவல்களாக அறுத்து, ஒவ்வொன்றையும் சாயமேற்றிப் படமெடுத்து, கணினியில் மறுபடியும் ஒரே மூளையாக அடுக்கினார்கள். கிழிந்த சீவல்களும் சுருங்கிய சீவல்களும் இருந்தன. கிழிந்துபோன ட்ரேசிங்குகளை ஒட்டுச் சேர்த்துச் சரிபார்த்து உட்கார்ந்தவனுக்கு அந்த வேலையின் அருமை தெரியும்.

"இது யாரும்மா?" என்றேன், இந்த முறை தயங்கித் தயங்கி.

"இதுவும் ஒரு அம்மாதான் தாத்தா. அறுபத்தஞ்சு வயசு."

இன்னொன்றையும் காட்டினாள். அமெரிக்காவில் வலிப்பு நோய்க்கு அறுவை செய்துகொண்ட 45 வயதுப் பெண்ணொருவரின் மூளையிலிருந்து, உள்ளே போக வழி செய்வதற்காக எடுத்த சிறு துணுக்கு. கடுகளவு கூட வராத, ஒரு கன மில்லிமீட்டர் பகுதி. அதை ஹார்வர்ட் பல்கலைக்கழகமும் கூகுள் நிறுவனமும் சேர்ந்து படமாக்கி 2021இல் பொதுவில் வைத்தன. 2024இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. அந்தத் துணுக்குக்குள் சுமார் 57,000 உயிரணுக்கள், ஏறத்தாழ 15 கோடி நரம்பிணைப்புகள். படத்தைச் சேமிக்க மட்டும் 1,400 டெராபைட் தேவைப்பட்டது. மடிக்கணினிகளை ஆயிரக்கணக்கில் அடுக்கினால்தான் அத்தனை இடம் கிடைக்கும் என்றாள் பேத்தி.

படம் கிடைத்துவிட்டால் மூளை புரிந்துவிட்டது என்று பொருளா? இல்லை என்பதை அவளே சொன்னாள். ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு புழுவின் 302 நரம்பணுக்களுக்கும் 1986லேயே முழு இணைப்புப் படம் வந்துவிட்டது. அந்தப் புழு ஏன் இப்படி நடக்கிறது என்பதை இன்றும் முழுதாகச் சொல்ல முடியவில்லை. 2024இல் பழ ஈ ஒன்றின் மூளைக்கு முழுப் படம் வந்தது, 1,39,255 நரம்பணுக்கள். கணினி போட்ட கோடுகளில் பிழை திருத்த, ஆராய்ச்சியாளர்களோடு சாதாரண மக்களும் வீட்டில் உட்கார்ந்து உதவினார்களாம். மனித மூளையிலோ சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். பாதை போட்ட ஷீட் கையில் இருந்தால் அந்தப் பாதையில் யார் எதற்காகப் போகிறார்கள் என்று தெரிந்துவிடாது. ஆனால் ஷீட் இல்லாமல் காட்டில் இறங்கவும் முடியாது.

யாருடைய அளவுகோல்?

இங்கேதான் என் தொழில் எனக்கு ஒரு விஷயத்தைப் புரியவைத்தது.

பூமி சரியான உருண்டை அல்ல. அதனால் படம் வரைவதற்கு முன், பூமிக்கு ஓர் உருவத்தை வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஷீட்களுக்கு அந்த உருவம் 1830இல் ஜார்ஜ் எவரெஸ்ட் கணக்கிட்டது. இந்திய மண்ணில் அளந்த அளவுகளைக் கொண்டு செய்ததால், இந்தியாவுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். வேறு கண்டத்துக்குக் கொண்டுபோனால் பொருந்தாது. அதேபோல், உலகுக்கெல்லாம் பொதுவான ஜி.பி.எஸ். உருவத்தில் எங்கள் பழைய ஷீட்டைத் திருத்தாமல் வைத்துப் பார்த்தால், கிணறு இருக்கிற இடத்தில் வயல் வரும். 2005இல் தேசிய வரைபடக் கொள்கை வந்த பிறகு, பொதுப் பயன்பாட்டு ஷீட்கள் அந்த உலக உருவத்துக்கு மாறின.

மூளைப் படத்திலும் இதே கதைதான். ஒவ்வொருவர் மூளையும் ஒவ்வொரு அளவு. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பொது அச்சு வேண்டும். உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் அதிகம் பயன்படுத்துவது மாண்ட்ரியாலில் 152 பேரின் எம்.ஆர்.ஐ. படங்களைச் சராசரி செய்து உருவாக்கிய அச்சு. நம்மவர் மூளையைப் படமெடுத்தாலும், அதை இழுத்தும் சுருக்கியும் அந்த அச்சில்தான் பொருத்துகிறார்கள்.

நம் நிலத்துக்கு நம் மண்ணில் அளந்த உருவம் 1830லேயே இருந்தது. நம் தலைக்கு வெகுகாலம் அப்படி ஒன்று இல்லை.

2019இல்தான் ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் ஆணும் பெண்ணுமாக 100 இந்தியர்களின் படங்களைக் கொண்டு இந்திய மூளை அச்சு ஒன்றை வெளியிட்டார்கள். மேற்கத்தியர், சீனர், கொரியர் ஆகியோரின் சராசரியோடு ஒப்பிடும்போது, நம் மூளையின் உயரமும் அகலமும் கன அளவும் கொஞ்சம் குறைவு என்று கண்டார்கள். அன்பர்கள் பதற வேண்டாம்; அளவு குறைவென்றால் அறிவு குறைவு என்று பொருள் அல்ல. சின்ன வீட்டிலும் நல்ல குடித்தனம் நடக்கிறது. ஆனால் மருத்துவருக்கு இந்த வித்தியாசம் முக்கியம். மறதி நோயில் மூளை சுருங்கும். நம் ஊர்ப் பெரியவர் ஒருவரின் மூளையை வேற்று நாட்டவர் சராசரியோடு ஒப்பிட்டு, இயற்கையாகவே சிறிதாக இருப்பதைச் 'சுருங்கிவிட்டது' என்று சொல்லிவிடக் கூடாதல்லவா?

2020இல் நம் பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆராய்ச்சியாளர்கள் 6 முதல் 60 வயது வரை, வயதுக்கேற்ற ஐந்து இந்திய அச்சுகளை வெளியிட்டார்கள். பேத்தி இப்போது பயன்படுத்துவது அவற்றைத்தான். ஆனால் அறுபதுக்கு மேல்? மறதி நோய் பெரும்பாலும் தலைகாட்டுவது அறுபதுக்கு மேல்தானே? என் மனைவிக்கும் அப்படித்தான் வந்தது.

பதினைந்து புள்ளிக் கோலம்

இதுவரை ஒதுக்கி வைத்திருந்ததைச் சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன்.

2013இல் என் மனைவிக்கு மறதி தொடங்கியது. முதலில் அடுப்பில் பால். பிறகு சாவி. பிறகு, இருபத்தைந்து வருஷம் நடந்த அல்சூர் மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்கு வரும் வழி. படமெடுத்துப் பார்த்த டாக்டர் நிதானமானவர். "இந்த ரிப்போர்ட்டில் இருக்கும் ஒப்பீடு வெளிநாட்டவர் அளவோடு செய்தது. இந்த எண்ணை மட்டும் வைத்து நான் முடிவு சொல்ல மாட்டேன்" என்றார். அன்று எனக்கு அந்த வார்த்தை புரியவில்லை. இன்று புரிகிறது.

போகப் போக மகனின் பெயர் மறந்தது. என்னை 'சார்' என்று கூப்பிட ஆரம்பித்தாள். ஆனால் ஒரு விஷயம் மட்டும் மறக்கவில்லை. காலையில் வாசல் தெளித்து அரிசி மாவுக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தால், பதினைந்து புள்ளி, எட்டு வரை ஊடு புள்ளி, ஒரு கம்பி தப்பாமல் கோலம் போட்டுவிடுவாள். பெற்ற பிள்ளையின் பெயர் தெரியாதவளுக்கு, அத்தனை புள்ளிகளுக்கு நடுவில் வழி தெரிந்தது எப்படி?

ஆறு வருஷம் கழித்து அந்தக் கேள்விக்குப் பேத்தி திரையில் பதில் காட்டினாள். மூளையின் அடிப்புறத்தில், பக்கவாட்டில், கடல்குதிரை மாதிரி வளைந்த ஒரு பகுதி. அதன் பெயரே கடல்குதிரையிலிருந்து வந்ததுதான்: ஹிப்போகேம்பஸ். புதிய நினைவுகள் பதிவதற்கு அது வேண்டும். அல்சைமர் நோய் முதலில் கைவைக்கும் இடங்களில் அது ஒன்று. கை பழகிய பழக்கங்களோ வேறு இடங்களைச் சார்ந்தவை. மூளையின் ஆழத்தில் உள்ள சில முடிச்சுகளும், பின்புறத்துச் சிறுமூளையும். நோய் அங்கே தாமதமாகத்தான் போகும்.

"பாட்டியோட கோலம் இங்க இருந்தது தாத்தா" என்று ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினாள். கோலம் போடும் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து புள்ளி எண்ணிய குழந்தை அவள். எதற்காக இந்தப் படிப்பை எடுத்தாள் என்று நான் அதுவரை கேட்டதில்லை. அதற்குப் பிறகு கேட்க வேண்டியும் இருக்கவில்லை.

2019இல் என் மனைவி போனாள். வயது 66. அன்று இரவு மருத்துவமனையில், ஓர் இளம் மருத்துவர் என்னைத் தனியே அழைத்தார். மிகவும் பணிவாகத்தான் கேட்டார். "நோய் இன்னதுதான் என்று உறுதியாகச் சொல்லவும், ஆராய்ச்சிக்கும், அம்மாவின் மூளையைத் தர உங்களுக்குச் சம்மதமா? முகத்தில் எந்த மாற்றமும் தெரியாது. உடலை உடனே உங்களிடம் கொடுத்துவிடுவோம். சடங்குகளைக் குறைவில்லாமல் செய்யலாம்" என்றார்.

நான் மாட்டேன் என்றேன். பக்கத்தில் நின்ற மகனும், "அம்மா முழுசாப் போகணும்" என்றான். மருத்துவர் கைகூப்பிவிட்டுப் போய்விட்டார். எங்களை அவர் ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை.

அறுபது வயது அம்மா, அறுபத்தைந்து வயது அம்மா என்று பேத்தி சொன்ன இரவு எனக்கு ஏன் தூக்கம் வரவில்லை என்று இப்போது அன்பர்களுக்குப் புரிந்திருக்கும். அந்தப் பெண்களுக்கும் வீடு இருந்திருக்கும். அவர்களும் யாருக்கோ மனைவி, யாருக்கோ தாய். அவர்கள் பக்கத்தில் நின்ற யாரோ சம்மதம் சொன்னதால்தான், இங்கே என் பேத்தி தன் பாட்டியின் மறதியைத் தேடிப் படிக்கிறாள். நம் பக்கத்திலிருந்து அந்தப் படத்தில் என்ன சேர்ந்திருக்கிறது? என் மனைவியின் மூளை சேர்ந்திருக்கலாம். சேரவில்லை.

பரங்கிமலையிலிருந்து கிண்டிக்கு

நம்மவர் கொடுக்கவே இல்லை என்று சொன்னால் அது நியாயம் ஆகாது. நிம்ஹான்ஸில் 1995லேயே மூளைத் திசு வங்கி தொடங்கப்பட்டது. டாக்டர் எஸ்.கே. சங்கர் அவர்களின் முயற்சி அது. அதையொட்டிய மூளை அருங்காட்சியகத்தைப் பொதுமக்களும் பார்க்கலாம். பேத்தி என்னை அழைத்துப் போனாள். கண்ணாடிக் குடுவைகளில் வரிசை வரிசையாக மூளைகள். பக்கவாதம் வந்தது, கட்டி வந்தது, முதுமையில் சுருங்கியது. கையுறை மாட்டி ஒரு மூளையை என் கையில் கொடுத்தார்கள். பயமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். பயம் வரவில்லை. பிறந்த குழந்தையை முதல்முறை வாங்கும்போது வரும் ஜாக்கிரதைதான் கையில் வந்தது.

சென்னை ஐ.ஐ.டி.யில் 2022இல் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் தொடங்கியது. அவர்கள் 2024 டிசம்பரில் 'தரணி' என்ற அட்லஸை வெளியிட்டார்கள். கருவில் 14 வாரம் முதல் 24 வாரம் வரை வளர்ந்த ஐந்து சிசுக்களின் மூளைகள், 5,132 சீவல்கள், ஒவ்வொரு உயிரணுவும் தெரியும் அளவுக்குத் துல்லியம். உலகத்தில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். பிறக்காமலே போன ஐந்து குழந்தைகள். பேத்தி அதைத் திறந்து காட்டியபோது நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

நம் நாட்டு நில அளவையின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். 1802இல் லாம்டன் இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைக்கு அடிக்கோடு போட்டது சென்னைப் பரங்கிமலை அருகில். அந்த அடிக்கோட்டிலிருந்துதான் எங்கள் ஷீட்கள் அத்தனையும் பிறந்தன. பரங்கிமலைக்கும் கிண்டி ஐ.ஐ.டி.க்கும் இடையில் சில கிலோமீட்டர்தான். நிலத்துக்குப் படம் போடத் தொடங்கிய வட்டாரத்திலேயே, 222 வருஷம் கழித்துத் தலைக்கும் படம் போட்டிருக்கிறார்கள். லாம்டனுக்குச் சங்கிலியும் தியோடலைட்டும் போதுமாக இருந்தன. இந்த வேலைக்கு மனிதர்கள் தங்களையே கொடுக்க வேண்டியிருக்கிறது.

மேஜை மேல் ஒரு படிவம்

சென்ற மாதம் மூளைதானப் படிவம் ஒன்றை வாங்கி வந்தேன். எனக்கு இப்போது 75 வயது. நோய் இருந்தால்தான் உபயோகம் என்றில்லை. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல மூளையும் வேண்டுமாம். முப்பத்தேழு வருஷம் பிறர் ஊருக்குப் படம் போட்டவன், கடைசியில் ஒரு படத்தில் தானே ஊராக இருந்துவிட்டுப் போகலாமே என்று தோன்றியது.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. நான் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. நான் போன பிறகு என் நெருங்கிய உறவினர் சம்மதிக்க வேண்டும். அதுவும் சில மணி நேரத்துக்குள். துக்கம் தொண்டையை அடைக்கும் அந்த நேரத்தில், அதற்கு முன் ஒருமுறையாவது பேசி முடிவு செய்யாத வீட்டில் யாரால் சம்மதம் சொல்ல முடியும்? 2019இல் எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான். அந்த மருத்துவர் கேட்டது தவறு அல்ல. நாங்கள் மறுத்ததையும் தவறு என்று சொல்ல மாட்டேன். அதைப் பற்றி அதற்கு முன் ஒரு நாளும் நாங்கள் பேசியிருக்கவில்லை. என் மனைவியிடமே, நினைவு நன்றாக இருந்த நாளில், கேட்டிருக்கலாம். அவள் சரி என்றுதான் சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன். கேட்காததால் இது என் நினைப்பாகவே நின்றுவிட்டது.

வச்சிராயுதத்துக்காகத் தன் முதுகெலும்பைத் தந்த ததீசி முனிவரின் கதையைச் சொல்லித்தான் நம் வீடுகளில் குழந்தைகளை வளர்க்கிறோம். கண்தானத்துக்கு ஒரு காலத்தில் எத்தனை பேர் தயங்கினார்கள்! அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்போம் என்றுகூடச் சொன்னார்கள். இன்று நம் சங்கத்திலேயே பலர் கண்தான அட்டை வைத்திருக்கிறோம். மூளைக்கும் அந்தக் காலம் வரும். எல்லோரும் கொடுத்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது அவரவர் மனமும் நம்பிக்கையும் சார்ந்தது. வேண்டாம் என்பவர்கள் வேண்டாம் என்றே சொல்லட்டும். ஆனால் உடம்பும் நினைவும் நன்றாக இருக்கிற ஒரு நாளில், சாப்பாட்டுக்குப் பிறகு, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒருமுறை பேசிவிடுங்கள். கேட்டுக்கொள்வது அவ்வளவுதான்.

படிவத்தில் என் கையெழுத்து ஆகிவிட்டது. பேத்தி ஒரு சாட்சி. இன்னோர் இடம் காலியாக இருக்கிறது. மகனிடம் சொன்னபோது, "இதெல்லாம் இப்ப எதுக்குப்பா? அப்புறம் பேசலாம்" என்று எழுந்து போய்விட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அன்று மாட்டேன் என்று முதலில் சொன்னவன் நான்தானே.

படிவம் கூடத்து மேஜையில், ஆபீஸில் நான் உபயோகித்த பழைய பித்தளை ஸ்கேலுக்கு அடியில் இருக்கிறது. காலையில் காபி குடிக்க உட்காரும்போது மகன் அதைப் பார்க்கிறான். ஒன்றும் சொல்வதில்லை. எடுத்து உள்ளே வைக்கவும் இல்லை. அவனும் நம் சங்க உறுப்பினன்தான். மலர் வந்தால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விடாமல் படிப்பவன். இந்தக் கட்டுரையையும் படிப்பான்.